தலைகீழாய் நின்ற கல்மனிதன்

ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து கந்தப்போடி வந்தால் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். புனிதவதிக்கு அது பழகிப்போன விஷயம். கல்யாணமாகி ரொறன்ரோவுக்கு வந்த முதல் மாதத்திலேயே அதைக் கேட்டுவிட்டாள். ஆறு வருடமாகியும் அதில் ஒரு சொல் மாறவில்லை.

"தலைகீழா நிண்டவன். கால் மேலை, தலை கீழை. என்ரை ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்" என்பான் அவள் கணவன் இரத்தினவேல்.

"ஒனக்குப் பசி மயக்கம் மச்சான். அது நேரா இருந்த ஒரு ஆள். கைய மடியில வச்சிக்கொண்டு இருந்த ஆள். தலைகீழா எவன் கோயில்ல நிப்பான்?" என்பார் கந்தப்போடி.

"உம்மடை கண்ணாடி அப்ப உடைஞ்சு போச்சு. உமக்கென்ன தெரியும்?"

"கண்ணாடி இல்லாட்டி ஆள் நேரா தெரியுமா? மங்கலாத்தானே தெரியும்!"

இவ்வளவுதான். பிறகு இருவரும் சிரித்துவிட்டு ஹொக்கி பார்ப்பார்கள்.

விஷயம் இதுதான். எண்பத்தெட்டில் யாழ்ப்பாணத்து இரத்தினவேலும் மட்டக்களப்புக் கந்தப்போடியும் களவாக ஆள் அனுப்பும் ஒரே ஏஜென்சியால் கனடாவுக்குப் புறப்பட்டவர்கள். இத்தாலியில் ஏதோ ஓர் ஊரில், ஒரு பழைய வீட்டின் கூரைக்குக் கீழே இருந்த அறையில் வெளியே போகக்கூடாது என்று சொல்லி அவர்களைச் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். ஜன்னலின் மரக்கதவுகள் ஆணி அடித்து மூடியிருந்தன. ஒரு சட்டம் மட்டும் உடைந்திருந்தது. அந்த இடுக்கால் பார்த்தால் ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயிலின் கூரை ஓரமும் ஒரு வெள்ளைக் கோபுரமும் தெரிந்தன. கூரை ஓரத்தில், மழையும் புறாக்களும் கறுப்பாக்கிய ஒரு கல்லில் ஏதோ உருவம் செதுக்கியிருந்தது. அதைப் பற்றியதுதான் வாக்குவாதம். எந்த ஊர் என்று இருவருக்கும் தெரியாது. ஏஜென்சிக்காரன் மிலான் என்று சொன்னான். மூடிய வான் வண்டியில் கொண்டுவந்தான், அப்படியே மூடிக் கொண்டுபோனான்.

வழியில் தங்கிய மொஸ்கோவின் குளிரைப் பற்றி இரத்தினவேல் எவ்வளவும் சொல்லுவான். ரொறன்ரோ விமான நிலையத்தில் அழுததைக்கூடச் சொல்லுவான். அந்த அறையைப் பற்றிக் கேட்டால் மட்டும் தலைகீழ் மனிதனோடு கதை நின்றுவிடும். "அதிலை வேறை என்ன கிடக்கு" என்று எழும்பிப் போய்விடுவான்.

புனிதவதிக்கோ அந்தக் கல்மனிதன் மனதுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவளுடைய ஊர்க் கோபுரத்திலும் விதம்விதமான பொம்மைகள் உண்டு. பாம்பைப் பிடிப்பவர், பல்லைக் காட்டுபவர், தூணைத் தாங்கிக் கன்னம் உப்பியவர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு காரணம் சொல்லுவார்கள். ஒருவனைத் தலைகீழாக நிறுத்திக் கோயிலில் வைக்க என்ன காரணம் இருக்கும்? தையல் ஆலையில் சட்டைக் கழுத்துகளைத் தைத்துக்கொண்டிருக்கும்போதுகூட அவளுக்கு அந்த யோசனை வரும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரிக்குளிரில் ஒரு சனிக்கிழமை, மகள் துர்க்காவுக்குக் கதைப் புத்தகம் எடுக்க தாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து நடந்து பார்லிமென்ற் வீதி நூலகத்துக்குப் போனாள். அங்கே வேலை செய்த பெண்மணியிடம், தெரிந்த ஆங்கிலத்தில், இத்தாலியக் கோயில்களின் படம் இருக்கிற புத்தகம் வேண்டும் என்றாள். எந்தக் கோயில் என்று அந்தப் பெண்மணி கேட்டார். புனிதவதிக்குச் சொல்லத் தெரியவில்லை. பென்சிலால் ஒரு கடதாசித் துண்டில் கால் மேலும் தலை கீழுமாக ஒரு மனிதனைக் கீறிக் காட்டினாள். பெண்மணி அதைத் திருப்பிப் பார்த்தார். புனிதவதி மறுபடி தலைகீழாகத் திருப்பிவைத்தாள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவளுக்குக் கை வலிக்கிற பாரத்தில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன.

முதலில் மிலான் கோயிலின் படத்தை எடுத்துக் கணவனிடம் காட்டினாள்.

"உதில்லை. உது முழுக்க முள்ளு முள்ளாய்க் கிடக்கு. நாங்கள் பாத்தது உப்பிடியில்லை" என்றான் உடனே.

"அப்ப எப்பிடி?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "கோபுரம் வெள்ளை. மேலை போகப்போக ஒடுங்கிப் பென்சில் முனை மாதிரி. நுனிக்குக் கிட்ட ரெண்டு வரிசை கல்வேலி. மாலை போட்ட மாதிரி இருக்கும்."

முதல்முறையாக அவன் ஒரு புதிய விஷயம் சொல்கிறான் என்று புனிதவதி கவனித்தாள். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலகத்துக்குப் போனாள். பிசா, சியன்னா, பார்மா என்று ஊர் ஊராகப் புரட்டினாள். பாண் சுடும் தொழிற்சாலை வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன்பே "இண்டைக்கு என்ன படம்?" என்று கேட்கிற அளவுக்கு இரத்தினவேலும் வந்துவிட்டான்.

பங்குனி மாதம் ஒருநாள் அவள் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். ஒரு சதுக்கம், அதன் ஓரம் நெடுகக் கோயிலின் பக்கச்சுவர், பின்னால் கோபுரம். கோபுர நுனியில் இரண்டு வரிசைக் கல்வேலி. அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனான். பனி உருகி வழிகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தான்.

"உதுதான்" என்றான். "இந்த ஊருக்கு என்ன பேர்?"

"மொடெனா."

"மொடெனா" என்று அவனும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

அன்றைக்கே கந்தப்போடி மழைக்குள் கார் ஓடி வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் கட்டத் தொடங்கிய கோயில் என்று கீழே எழுதியிருந்ததைப் புனிதவதி வாசித்துக் காட்டினாள். ஆனால் கூரை ஓரத்துக் கல் அந்தப் படத்தில் ஒரு புள்ளிதான்.

"மறுகா, சண்டை தீரல்லயே" என்றார் கந்தப்போடி.

"போய்ப் பாத்தால் தீரும்" என்றாள் புனிதவதி.

இருவரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி அவளைப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் மூவரும் போனார்கள். கந்தப்போடியின் மனைவி நாகேஸ்வரி பறக்கப் பயந்தவர். "நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க, நான் புள்ளையப் பாத்துக்கிறன்" என்று துர்க்காவை அஜக்ஸில் வைத்துக்கொண்டார். மிலான் விமான நிலையத்தில் அதிகாரி அவர்களுடைய நீலக் கனடா பாஸ்போட்டுகளை முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுத்தான். கந்தப்போடி வெளியே வரும்வரை இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தார்.

"என்ன அண்ணை?"

"ஒண்டும் கேக்கல்லயே தங்கச்சி! ஒரு வார்த்தை கேக்கல்லயே!"

மொடெனா நிலையத்தில் இறங்கி, வளைவுகள் தாங்கிய நடைபாதைகளுக்குக் கீழே நடந்தார்கள். ஒரு ஒடுங்கிய தெரு முடிந்ததும் சதுக்கம் சட்டென்று திறந்தது.

நிலம் முழுவதும் ஆற்றுக்கூழாங்கற்கள் பதித்திருந்தார்கள். அதன்மேல் கிழவர்களும் குமரிகளும் சைக்கிளில் கடகடவென்று போனார்கள். கோயில் அவள் நினைத்ததைவிடப் தாழ்வாகவும் பாரமாகவும் இருந்தது. ஒரே அளவுக் கற்கள் இல்லை. சாம்பல், வெள்ளை, மங்கிய ரோஜா நிறம் என்று பலவகை. பழைய ரோமர் காலத்து இடிபாடுகளிலிருந்து எடுத்துச் செதுக்கிக் கட்டியவை என்று நூலகத்துப் புத்தகத்தில் வாசித்திருந்தாள். சுவரின் நடு உயரத்தில் சிறிய தூண்களும் வளைவுகளும் மும்மூன்றாக வரிசை கட்டி, கோயிலைச் சுற்றிக்கொண்டு போயின. பெரிய பக்கவாசலில் சிவப்புக் கல்லில் இரண்டு சிங்கங்கள் முதுகில் தூணைச் சுமந்துகொண்டு படுத்திருந்தன. எத்தனையோ பிள்ளைகள் ஏறியிருந்து அவற்றின் முதுகு வழுவழுவென்று ஆகியிருந்தது. அவள் போனபோதும் ஒரு சின்னப்பிள்ளை ஏறியிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கோபுரம் கோயிலை நோக்கிக் கொஞ்சம் சரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய சந்துக்கு மேலாக வளைவுகள் கட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைத்திருந்தார்கள். கோயிலின் வளைந்த பின்சுவரில் செங்கல், ஓடு ஆகியவற்றின் அளவுகளைச் செதுக்கி வைத்திருந்தார்கள். சந்தையில் வாங்கியவர்கள் இங்கே கொண்டுவந்து சரிபார்ப்பார்களாம். கை அளவுக்கும் ஒரு கோடு இருந்தது. புனிதவதி தன் கையை நீட்டி அதோடு வைத்துப் பார்த்தாள். கோட்டின் நீளத்துக்குக் கை போதவில்லை.

ஆண்கள் இருவரும் இது எதையும் பார்க்கவில்லை. சதுக்கத்தில் இறங்கியது முதல் அண்ணாந்தபடி நடந்து, சைக்கிள்காரர்களிடம் ஏச்சு வாங்கினார்கள். கந்தப்போடி ரொறன்ரோவில் வாங்கிய பைனாக்குலரை எடுத்தார். கூரை ஓரத்தில் வரிசையாகப் பல உருவங்கள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்றார். பைனாக்குலரை இரத்தினவேலிடம் கொடுத்தார். அவன் பார்த்துவிட்டுப் புனிதவதியிடம் கொடுத்தான்.

ஒரே கல்லில் இரண்டு பேர். ஒருவர் நேராக, அவருக்குப் பக்கத்தில் மற்றவர் தலைகீழாக.

"ரெண்டுபேரும் சரி!" என்று புனிதவதி சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை.

"அப்ப அவன் சொன்னதுதான் சரி" என்றான் இரத்தினவேல்.

"எவன்?"

அவன் கந்தப்போடியைப் பார்த்தான். அவர் பைனாக்குலரின் வாரைக் கையில் சுற்றினார், கழற்றினார். பிறகு சிங்கத்துக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"மரியரட்ணம்" என்றார். "நாங்க மூண்டுபேர் தங்கச்சி, அந்த அறையில."

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. கந்தப்போடிதான் சொன்னார். மரியரட்ணம் மன்னார்ப் பெடியன். கல்லில் இரண்டு ஆட்களும் உண்டு என்று சொல்லி இருவரிடமும் ஏச்சு வாங்கியவன். கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவி, இரத்தினவேலின் நல்ல சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, "கோயிலுக்குப் பக்கத்திலை கிடந்துகொண்டு பூசை காணாமல் இருக்க என்னாலை ஏலாது. அப்பிடியே கீழை நிண்டு உங்கடை ஆளையும் பாத்துச் சொல்லுறன்" என்று படியிறங்கிப் போனான். மத்தியானம் எதிர்பாராமல் ஏஜென்சிக்காரன் வானோடு வந்தான். உடனே ஏறச் சொன்னான்.

"கொஞ்சம் நில்லுங்கோ, ஒராள் வெளியாலை போயிட்டான் எண்டு சொன்னனாங்கள்" என்றான் இரத்தினவேல். "பொலிசு பிடிச்சிருக்கும், நிண்டால் உங்களையும் பிடிக்கும் எண்டு கத்தினான். தள்ளி ஏத்தினான்."

"பிறகு தேடேல்லையோ?"

"எங்கை தேடுறது புனிதம்? ஊர்ப் பேரே தெரியாதே."

புனிதவதிக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "சரி, எழும்புங்கோ. இப்ப பேர் தெரியும்தானே. உள்ளுக்கை போய்க் கேப்பம்" என்றாள்.

கோயிலின் உட்புறம் செங்கல். வெளியே இருந்த வெளிச்சத்துக்கு அது குகை போலிருந்தது. கண் பழகியதும், முன்னால் பீடம் ஒரு மாடிபோல உயர்ந்திருப்பதும் அதற்குக் கீழே மெல்லிய தூண்களோடு ஒரு நிலவறை திறந்திருப்பதும் தெரிந்தன. வாசலடியில் ஒரு பெண் தபாலட்டைகள் விற்றுக்கொண்டிருந்தாள். இலண்டனில் வேலை செய்தவளாம், ஆங்கிலம் நன்றாக வந்தது. மரியரட்ணத்தைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், புனிதவதி முதலில் தனக்கு வசப்பட்ட கேள்வியையே கேட்டாள். கூரையில் ஏன் ஒருவர் தலைகீழாக நிற்கிறார்?

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. மேலே இருப்பது நகல், அசல் பத்திரமாக வைத்திருக்கிறது என்று சொல்லித் கதவுத் திறப்பை எடுத்துக்கொண்டு கூட்டிப்போனாள். கோயிலை ஒட்டிய ஓர் அறையில், கண்ணுக்கு நேராகக் கல் நின்றது. பக்கத்தில் இரட்டை வால் கொண்ட ஒரு மீன்பெண், மீனைப் பிடித்துத் தின்னும் ஒருவன்.

"இதைச் செதுக்கியவர்கள் தங்கள் ஊரைத் தாண்டி அதிகம் போகாதவர்கள்" என்றாள் அவள். "உலகத்தின் கடைசி விளிம்பில் விசித்திரமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். பூமியின் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குக் கால் மேலே, தலை கீழே என்று நினைத்தார்கள். கோயிலின் விளிம்பில் இவர்களை வைத்ததும் அதனால்தான் என்று சொல்கிறார்கள்."

இரத்தினவேல் மொழிபெயர்த்தான். கந்தப்போடி கல்லின் கிட்டப் போய்க் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"அப்ப இது நம்மட ஆக்கள்தான்" என்றார்.

"எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கனடா. பிறந்தது இலங்கையில்."

அவள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "உங்கள் தீவுக்காரர் ஒருவர் இங்கே வருவார். உறவினர் வந்தாலும் நண்பர் வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்து இதற்கு முன்னால் நிறுத்துவார். இந்தக் கல்லால்தான் எனக்குக் கனடா தவறியது என்று சொல்லுவார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்."

இரத்தினவேல் கந்தப்போடியின் பக்கம் திரும்பினான். "அவருக்குப் பேர் என்ன?" என்று கேட்டது புனிதவதிதான்.

"நாங்கள் மாரியோ என்போம். பக்கத்து ஊர் சசுவோலோவில் தரை ஓடு செய்யும் ஆலையில் வேலை. எங்கள் மண்டபத்துத் தரையைப் பதித்துத் தந்தவரும் அவர்தான். தொலைபேசி இலக்கம் இருக்கிறது."

அலுவலக அறையில் அவளே இலக்கத்தைச் சுழற்றி ரிசீவரை நீட்டினாள். இரத்தினவேல் கையை நீட்டவில்லை. கந்தப்போடி ஒரு அடி பின்னால் போனார். புனிதவதி வாங்கிக்கொண்டாள்.

"ஹலோ, மரியரட்ணம் அண்ணையோ?"

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் இரத்தினவேலின்ரை மனுசி. மொடெனாவிலை, கோயிலடியிலை நிக்கிறம்."

மறுபக்கத்தில் வானொலிச் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"கந்தப்போடியும் நிக்கிறானோ?"

"ஓம், நிக்கிறார்."

"ரெண்டுபேரையும் அந்த இடத்தை விட்டு அசையவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வாறன்."

சதுக்கத்தில் காத்திருந்தார்கள். கோபுரத்தின் நிழல் நகர்ந்தது. கந்தப்போடி எழும்பி நடந்தார், இருந்தார், மறுபடி நடந்தார். தெருவாயிலில் ஒரு மனிதர் வந்து நின்றார். வயிறு கொஞ்சம் வண்டி வைத்திருந்தது, முன்தலை மயிர் உதிர்ந்து வெளித்திருந்தது. சப்பாத்தில் ஓட்டு ஆலையின் வெள்ளைக் களிமண் தூள். அவர் ஓடிவரவில்லை. கூழாங்கற்களில் மெதுவாக நடந்துவந்து, இவர்களுக்கு முன்னால் நின்று, முதலில் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"பாத்தாச்சோ?"

"பாத்தாச்சு" என்றான் இரத்தினவேல்.

"நான் என்ன சொன்னனான்?"

"ரெண்டும் எண்டு சொன்னனீ."

கந்தப்போடிதான் முதலில் அவரைக் கட்டிப்பிடித்தார். புனிதவதி திரும்பி நின்று சிங்கத்தைப் பார்த்தாள்.

பிறகு படியில் உட்கார்ந்து மரியரட்ணம் சொன்னார். "நான் திரும்பி வந்தனான். பொழுதுபட முந்தியே வந்தனான். கதவு திறந்து கிடந்தது. பை ஒண்டும் இல்லை, ஆக்களும் இல்லை. படியிலை இருந்தன். வருவியள் எண்டு இருந்தன். பிறகு போக இடமில்லாமல் கோயிலுக்கே வந்தன். இஞ்சத்தைச் சுவாமியார் சாப்பாடு தந்தார், படுக்க இடம் தந்தார். தொண்ணூறிலை சட்டம் மாத்தினாங்கள், விசா கிடைச்சுது. மன்னாரிலையிருந்து மனுசியைக் கூப்பிட்டன். ரெண்டு பிள்ளையள்."

"நிக்கச் சொல்லிக் கேட்டனாங்கள் மரியா. அவன் விடேல்லை" என்றான் இரத்தினவேல்.

"எனக்குக் கோவம் வந்தது. இல்லை எண்டு சொன்னால் பொய். மூண்டு வருசம் உங்கடை பேரைச் சொன்னாலே கோவம் வரும்." அவர் களித்தூள் படிந்த சப்பாத்தைத் தரையில் தட்டினார். "இப்ப இல்லை."

புனிதவதிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவர்கள் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததால் அவளே கேட்டாள். "அண்ணை, பூசை காலமைதானே. முடிஞ்சவுடனை ஏன் வரேல்லை?"

மரியரட்ணம் அவளைப் பார்த்துச் சிரித்தார். "வாருங்கோ, காட்டுறன்."

கோயிலின் முகப்புக்குச் சுற்றிக் கூட்டிப்போனார். அங்கே சுவரில், வாசல்களுக்கு மேலும் பக்கத்திலுமாக, நீளமான கற்பலகைகளில் ஆதியிலிருந்து கதை செதுக்கியிருந்தது. குள்ளமான, பெரிய தலையுள்ள மனிதர்கள். ஆண்டவர் ஆதாமின் தலையைத் தொட்டு எழுப்புகிறார். ஆதாமும் ஏவாளும் குனிந்து நிலத்தைக் கொத்துகிறார்கள். அண்ணன் தம்பியை அடிக்கிறான். மரியரட்ணம் வலப்பக்கத்துச் சின்ன வாசலுக்கு மேலே கையை நீட்டினார்.

"உது நோவாவின்ரை கப்பல். வெள்ளம் வந்தபோது ஏறினது. வடிவாய்ப் பாருங்கோ."

அது கப்பல் போலவே இல்லை. தண்ணீரின்மேல் வைத்த ஒரு சின்னக் கல்வீடு. மேல்தட்டில் இரண்டு ஜன்னல்கள். இரண்டிலும் ஒவ்வொரு தலை வெளியே எட்டிப் பார்த்தது.

"பூசை முடிஞ்சு வெளியாலை வந்து உதைக் கண்டன்" என்றார். "எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கூரைக்குக் கீழை ரெண்டுபேர், வெளியாலை போகேலாமல் எட்டி எட்டிப் பாத்துக்கொண்டு. அச்சொட்டாய் நீங்கள் ரெண்டுபேரும்! சிரிச்சுப்போட்டுப் பிறகு அழுதன். அந்தப் பலகையிலையிருந்து திரும்பி முதல் பலகைக்குப் போய், முழுக்கதையையும் பாத்து முடிச்சுப்போட்டுத்தான் வருவன் எண்டு நிண்டன். பத்து மாசமாய் லொறி, வான், அறை. ஒரு வடிவான சாமானை நிண்டு பாத்ததில்லை. நேரம் போனதே தெரியேல்லை. வந்து உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தன்."

இரத்தினவேல் அந்த ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றான். கந்தப்போடி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"எது நான்?" என்று கேட்டார் கடைசியில்.

"அந்த வண்டி வயித்துக்காரன் மாதிரி இருக்கிறவன்" என்றார் மரியரட்ணம்.

"ரெண்டும் தலைதானே தெரியுது. வண்டி எங்க தெரியுது?"

அதற்குத்தான் நால்வரும் சத்தமாகச் சிரித்தார்கள். முகப்பின் வெள்ளைக் கல்லில் மாலை வெயில் மஞ்சளாக விழுந்தது. தபாலட்டைப் பெண் கதவைப் பூட்ட வந்தவள், அவர்களைக் கண்டு கையசைத்தாள்.

மரியரட்ணம் கடிகாரத்தைப் பார்த்தார். மனுசி சோறு போட்டுவிட்டுக் காத்திருப்பாள் என்றார். ஹொட்டேலில் போட்ட பைகளை நாளைக்கு எடுக்கலாம், இன்றைக்குத் தன் வீட்டில்தான் படுக்கவேண்டும் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் நடக்கத் தொடங்கினார். கந்தப்போடி அவரோடு சேர்ந்து நடந்தபடி, மீன்குழம்பா இறைச்சியா என்று விசாரித்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் புனிதவதிக்கும் இரத்தினவேலுக்கும் பின்னிருக்கை கிடைத்தது. வெளியே திராட்சைத் தோட்டங்களும் ஓட்டு ஆலைகளின் புகைபோக்கிகளும் வந்தன. கொஞ்சத் தூரம் போனதும் அவனாகவே பேசத் தொடங்கினான். அந்த அறையின் கதவு என்ன நிறம், மூவரும் யார் எந்த மூலையில் படுத்தார்கள், ஒரு பாணை எப்படிப் பிரித்துச் சாப்பிட்டார்கள், மரியரட்ணம் இரவில் என்ன பாட்டு முணுமுணுப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பஸ் சசுவோலோவில் நின்றபோதும் அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.